ஒண்டும் செய்யாது

நோபிள் பார்க்கில் சுகந்தினி வீட்டு வரவேற்பறை.
பதினொரு பெண்கள், ஒரு தட்டு றோல்ஸ்,
மேசை விளிம்பில் வரிசையாய்
கட்டைவிரல் பருமனில் பழுப்புக் குப்பிகள்.
மூலையில் ஒரு வெள்ளைக் கருவி
ஓயாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
அதனடியில் படுத்திருந்த பூனை
மூன்று முறை தும்மிவிட்டு
கராஜுக்குப் போய்விட்டது.
பூனையை யாரும் விசாரிக்கவில்லை.

"கெமிக்கல் ஒண்டும் இல்லை" என்றாள் சுகந்தினி.
டாண்டினாங் தெற்கில், டயர்க் கடைக்குப் பின்னால்,
ஓர் ஆய்வுகூடத்தில் பதினாறு வருடமாக
எனக்குச் சம்பளம் தருவது கெமிக்கல்தான்.
தண்ணீரும் கெமிக்கல்தான் என்று சொல்ல வாயெடுத்து
றோல்ஸில் உறைப்பு நல்லாயிருக்கு என்றேன்.
அந்த உறைப்பும்தான்.

எட்டு மாதப் பிள்ளையின் மூக்கடைப்புக்கு
யூகலிப்டஸ் ஒரு துளி விடலாமா என்று
துவாரகா கேட்டாள்.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் பலமாக.
றோல்ஸ் தட்டு அதற்குப் பிறகு
என் பக்கம் வரவில்லை.

"நீங்கள் கழுத்தில பூசுங்கோ அக்கா.
இயற்கை. ஒண்டும் செய்யாது."

இரண்டு குப்பி வாங்கினேன். நாற்பத்தெட்டு டொலர்.
அவளது கணவனுக்கு
ஒக்டோபரிலிருந்து வேலையில்லை.

லவெண்டரைத் திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில்,
யாருக்கும் சொல்லாமல் இயந்திரத்தில் ஏற்றினேன்.
முப்பது மீட்டர் நீளம், தலைமயிர் மொத்தத்தில் ஒரு குழாய்.
வாசனை அதற்குள் ஓடி
ஒவ்வொன்றாய்ப் பிரிந்து
மறுமுனையில் வந்து பெயர் சொல்லும்.

மூலக்கூறுக்கும் கை உண்டு: இடது, வலது.
லவெண்டர்ச் செடிக்கு இடக்கைப் பழக்கம்,
நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்.
தொழிற்சாலைக்குத்தான் பாரபட்சம் தெரியாது,
ஐம்பதுக்கு ஐம்பது செய்து வைக்கும்.
சுகந்தினியின் குப்பியில்
இரண்டு கையும் சரிசமம்,
கும்பிட்டது போல.

பூவையே காணாத லவெண்டர்.
சிரிப்பு வந்தது.
பிறகு அவள் கட்டிலுக்கடியில்
கடனட்டையில் வாங்கி அடுக்கியிருந்த
ஆறு பெட்டிகள் ஞாபகம் வந்தன.

மற்றது பெர்கமொட்.
அதையும் ஓட்டினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.
தோடம்பழத்தின் தூரத்து உறவு,
தோலைப் பிழிந்து எடுத்தது,
ஒவ்வொரு சிகரமும் இருக்கவேண்டிய இடத்தில்.
ஒன்றாவது உண்மை என்ற சந்தோசத்தில்
சனிக்கிழமை கழுத்தில் தடவிக்கொண்டு
உடுப்புக் காயப்போடப் போனேன்.
ஜனவரி. முப்பத்தொன்பது பாகை.
இந்த ஊர் வெயிலுக்கு முகத்தாட்சண்யம் கிடையாது.

ஞாயிறு எரிந்தது. திங்கள் கொப்பளித்தது.
அடுத்த கிழமை கண்ணாடியில் பார்த்தால்
காதடியிலிருந்து தோள் வரைக்கும்
ஒரு துளி வழிந்த பாதை
அப்படியே, பழுப்பில்,
யாரோ வரைந்துவிட்டுப் போன ஆறு.

எனக்குத் தெரியாததில்லை.
அந்தப் பழத்தோலில் இருக்கும் ஒன்று
வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடும் என்று
பரீட்சைக்கே எழுதியிருக்கிறேன்.
கலப்படம் தேடிய மும்முரத்தில்
அது மறந்துபோயிற்று.
எருக்கம்பாலில் யார் கலப்படம் செய்தார்கள்?
அரளி விதைக்கு எந்த ஊரில் ஃபாக்டரி?

போலி என்னைத் தொடவில்லை.
சுட்டது அசல்.

மாசி மாதம் சுகந்தினியைக் கடையில் கண்டேன்.
மீன் பெட்டிக்கு முன்னால், கையில் ஒரு கிலோ விளைமீன்.
பூனை இப்போது கராஜிலேயே படுக்கிறதாம்,
என்னவென்று தெரியவில்லையாம்.
சால்வையை மீறித் தெரிந்த தழும்பைப் பார்த்து
ஐயோ, என்ன அக்கா இது என்றாள்.
வெயில் என்றேன்.

"லவெண்டர் போடுங்கோ, ஆறிவிடும்."

அது ஒண்டும் செய்யாது என்றேன்.

அதைத்தானே நானும் சொன்னேன் என்பதுபோல்
அவள் சந்தோசமாகத் தலையாட்டினாள்.